சபையின் முதல் கடிதம் எந்தக் கோப்பில்?

கேள்வி: சாத்தான்குளம் வட்டாரத்தில் உள்ள எங்கள் சபை 200ஆம் ஆண்டு மலர் வெளியிட இருக்கிறது. 1827இல் தொடங்கியதாக ஆலயக் கல்வெட்டு சொல்கிறது. வேறு ஆதாரம் இல்லை. மிஷனெரிகளின் கடிதங்கள் இங்கிலாந்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்படித் தேடுவது? ஆலய அலமாரியில் ஒரு கட்டு பழைய தமிழ்க் கடிதங்களும் இருக்கின்றன.

பதில்: ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தக் காலக் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கவில்லை, எழுதியவர் பெயரில் அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஊர் எந்த மிஷனெரி சங்கத்தின் பொறுப்பில் இருந்தது, அந்த ஆண்டுகளில் அதைக் கவனித்த மிஷனெரி யார் என்ற இரண்டையும் முதலில் உறுதி செய்யுங்கள்.

திருநெல்வேலியில் அடுத்தடுத்த ஊர்களே வேறு வேறு சங்கங்களில் இருந்தன. மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம் ஆகியவை சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி); நாசரேத், முதலூர், இடையன்குடி ஆகியவை எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்பும் சங்கம்). சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும் உள்ளன. எஸ்.பி.ஜி. பொறுப்பேற்ற 1820களின் நடுப்பகுதிக்கு முந்தைய தென்னிந்தியக் கடிதங்களுக்கு, அதற்கு முன் அந்தப் பணியை ஆதரித்த எஸ்.பி.சி.கே. (கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம்) தொகுப்பைப் பார்க்க வேண்டும். அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி, தஞ்சாவூரில் இருந்த மிஷனெரிகளின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றில் ஜெர்மன் மொழிக் கடிதங்களின் பழைய கையெழுத்து இன்றைய ஜெர்மானியருக்கே எளிதில் பிடிபடாது.

1827 என்றால், சி.எம்.எஸ். சபையாக இருந்தால், தேட வேண்டிய முதல் பெயர் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். 1835இல் சங்கம் அவரை நீக்கியது. 1838இல் இறக்கும்வரை அவர் தனியாக ஊழியம் செய்தார். சில சபைகள் அவரோடு போயின. அந்த 3 ஆண்டுகளில் உங்கள் ஊர் சி.எம்.எஸ். கோப்பில் காணாமல் போனால் சபை கலைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

சி.எம்.எஸ். தொகுப்பில் 1880 வரை ஆள்வாரி அடுக்கு. அதன் பிறகு தேதிவாரி, கூடவே சுருக்கக் குறிப்பேடு. 1880க்கு முந்தையதற்கு "தென்னிந்திய மிஷன், இன்னார், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை" என்று மின்னஞ்சலில் கேட்டு, பக்க எண்ணிக்கையும் படியெடுக்கும் கட்டணமும் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். வந்த கடிதங்களை லண்டனில் பேரேடுகளில் நகலெடுத்தும் வைத்தார்கள். படிக்கச் சுலபம், ஆனால் தமிழ் தெரியாத எழுத்தர் கையில் ஊர்ப் பெயர்கள் சிதைந்திருக்கும். 'ழ' என்பது ல, ர என எதுவாகவும் மாறியிருக்கலாம். பழைய பெயரையும் தேடுங்கள்: டோனாவூர் முன்பு புலியூர்க்குறிச்சி.

செலவுக்கு முன், 19ஆம் நூற்றாண்டு மிஷன் மாத இதழ்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகப் பாருங்கள். ஆண்டையும் மிஷனெரி பெயரையும் பிடிக்க அவை போதும். ஆதாரமாக அவற்றை மட்டும் நம்பக்கூடாது. நன்கொடையாளர்களுக்காக அச்சிட்டவை என்பதால் சண்டை, பின்வாங்கல், பணத் தகராறு எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். மூலக் கடிதத்தில்தான் சபையின் உண்மையான முகம் தெரியும்.

கல்வெட்டு ஆண்டு பற்றி ஒரு எச்சரிக்கை. சிலர் போதனை கேட்க முன்வந்தது, உபதேசியார் அமர்த்தப்பட்டது, ஜெபவீடு கட்டியது, முதல் ஞானஸ்நானம் ஆகிய நான்குமே "சபை தொடக்கம்" என்று சொல்லப்படுகின்றன. இவற்றுக்கிடையே பல ஆண்டுகள் இருக்கலாம். கடிதத்தில் "போதனையில் இருப்பவர்கள்" என்று ஒரு தொகை வந்தால் அது ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகை அல்ல. 1827 இந்த நான்கில் எது என்று மலரில் தெளிவாக எழுதுங்கள். கடிதத்தில் எழுதிய தேதி, லண்டனில் பெற்ற தேதி என இரண்டு இருக்கும். கப்பல் வர மாதக்கணக்கானதால் ஆண்டே மாறிவிடும். எழுதிய தேதியை எடுங்கள்.

இனி அலமாரிக் கட்டு. தேதி தமிழ் எண்களில் இருந்தால் ௲௮௱௪௰௨ என்பது 1842. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். கொல்லம் ஆண்டானால் ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். பழைய கையெழுத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இருக்காது; எகர ஏகாரமும், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஆட்பெயர்களை ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் அச்சில் ஏற்றாதீர்கள்.

லாமினேஷனும் செலோடேப்பும் வேண்டவே வேண்டாம். பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும், லாமினேஷனைப் பிரிக்கவும் முடியாது. மடிப்பு விறைத்திருந்தால் வலிந்து பிரிக்காமல், பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை மேசையில் பரப்பி, ஓரத்தில் அளவுகோல் வைத்து, நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் இரு பக்கமும் படமெடுங்கள். பின்பக்க முகவரியையும் விடாதீர்கள். வரிசை எண்ணை மென்பென்சிலால் உறையில் எழுதுங்கள், கடிதத்தில் அல்ல. கட்டு இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். தேதியில்லாத கடிதத்துக்கு அதன் பக்கத்துக் கடிதமே பல நேரம் சாட்சி.

மலரில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் கீழே காப்பகம், கோப்பு எண், எழுதியவர், எழுதிய தேதி நான்கையும் அச்சிடுங்கள். படங்களை வெளியிடக் காப்பகத்தின் எழுத்துமூல அனுமதி தனியாக வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் படி கேட்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.