மிஷன் பிடித்தது இருக்கட்டும், ஜிபேயில் வந்தது எவ்வளவு?

கேள்வி: ஒரு மிஷனில் முழுநேர ஊழியனாக இருக்கிறேன். மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை கடற்கரைக் கிராமங்களில் வேலை. என்னைத் தாங்குவோர் என் பெயரைக் குறிப்பிட்டு மாதம் 25,000 ரூபாய் மிஷனுக்கு அனுப்புகிறார்கள். நிர்வாகச் செலவு 2,500, டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 2,250, பிஎஃப் 1,800 போக 18,450 தான் கைக்கு வருகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் உள்ளூர்க் காணிக்கையும் நின்றுவிடும். கேட்டால், 'விசுவாசம் இல்லையா' என்று அவமானப்படுத்துகிறார்கள். அதனால் சிலரை என் ஜிபேக்கே அனுப்பச் சொன்னேன். மாதம் 8,000 வருகிறது. கனடாவில் குடியேறிய சித்தப்பா மகன் மூன்று வருடமாக என் சேமிப்புக் கணக்கில் மாதம் 15,000 போடுகிறார். துறவிகளுக்கு வரி இல்லை என்று பழைய சர்க்குலர் உண்டாமே? மிஷன் பிடித்ததைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அவமானத்துக்குக் கோர்ட்டில் பரிகாரம் கிடையாது, அதை விடுங்கள். அந்த 25,000-க்கு ரசீது யார் பெயரில் என்பதுதான் கேள்வி. மிஷன் பெயரில் என்றால் பணம் மிஷனுடையது. கொடுத்தவர் உங்கள் பெயரைக் குறிப்பிட்டதாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. மாதம் இவ்வளவு தருவோம் என்று நியமனக் கடிதத்தில் தொகை போட்டிருந்து, அதற்குக் குறைவாகத் தந்தால் மட்டுமே வழக்கு நிற்கும்.

டிடிஎஸ் விஷயத்தில் மிஷன் தடுமாறியிருக்கிறது. பிஎஃப் பிடித்தால் நீங்கள் சம்பள ஊழியர். அப்படியென்றால், இந்த வருமானத்துக்குப் புதிய வரித் திட்டத்தில் டிடிஎஸ் பிடிக்கவே தேவையில்லை. நிர்வாகச் செலவு போக மீதி 22,500-க்கு 10 சதவீதம் என்பது வெளியாள் கட்டணத்துக்கான கணக்கு. பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ஏறியிருந்தால் ஆண்டுக்கு 27,000. வருமான வரி ரிட்டன் போட்டால் திரும்ப வரும். கெடு முடிந்த ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். பிஎஃப் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். இதற்கெல்லாம் வழக்கு வேண்டாம்.

சர்க்குலரை நம்பாதீர்கள். 1944-இல் வந்த அது, வாங்கியதைச் சபைக்கே ஒப்படைத்துவிடும் துறவிகளைப் பற்றியது. நீங்கள் குடும்பம் நடத்துகிறீர்கள். அந்தத் துறவிகளுக்கே அரசு உதவிபெறும் பள்ளிச் சம்பளத்தில் டிடிஎஸ் உண்டு என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது; 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பீல்களைத் தள்ளிவிட்டது.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஜிபே, கனடாப் பண விஷயத்துக்கு வருகிறேன். மிஷன் பிடிக்கிறது என்ற கோபத்தில் பணத்தைச் சொந்தக் கணக்குக்குத் திருப்பிவிடுவார்கள், பிறகு மிஷனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். பதில் நோட்டீஸில் மிஷன் முதலில் எழுதுவது அந்தச் சொந்தக் கணக்கைப் பற்றித்தான். இப்படி வந்து மாட்டிய கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கைத் தொடங்கியவரே தனக்கு எதிரான சாட்சியத்தையும் கையில் கொடுத்துவிடுகிறார்.

'அது அன்பளிப்புதானே' என்பீர்கள். உறவினர் அல்லாதவர்கள் தருவது ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். சித்தப்பா மகன் அந்த உறவினர் பட்டியலில் இல்லை. அதோடு, திருவிதாங்கூரில் கட்டணமே வாங்காமல் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த ஒருவருக்கு வெளிநாட்டுச் சீடர் தந்த பணத்தையும், அது அவர் செய்த பணியிலிருந்து வந்த வருமானம் என்று உச்ச நீதிமன்றம் அறுபது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. ஊழியத்துக்காக வருவதை அன்பளிப்பு என்று எழுதினால் செல்லாது.

மிஷன் கணக்கில் மாதம் 22,500, ஜிபேயில் 8,000, கனடாவிலிருந்து 15,000 என்று மொத்தம் கூட்டினால் ஆண்டுக்கு 5,46,000 வருகிறது. 2025-26 முதல் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டன் போட்டே ஆக வேண்டும். வரியே இல்லாத பணத்தை மறைத்து நோட்டீஸ் வாங்குவது போன்ற வீண் வேலை வேறில்லை.

கனடாப் பணம்தான் பெரிய ஆபத்து. மதப் பணி செய்பவர் தனிநபராக இருந்தாலும், உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணிக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்பும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். இதற்கான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறை) சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. மூன்று வருடம், மாதம் 15,000 என்றால் 5,40,000. வங்கிப் பதிவில் எல்லாம் அப்படியே இருக்கும். பிராசிக்யூஷன் தொடங்கும் முன்பென்றால் அபராதம் கட்டிச் சமரசம் கேட்க வழி இருக்கிறது. தொடங்கிய பிறகு இல்லை.

ஆகவே நோட்டீஸ் அனுப்பாதீர்கள். மிஷன் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள்: உங்களைச் சம்பள ஊழியர் என்று எழுத்தில் உறுதிசெய்து, டிடிஎஸ்ஸை நிறுத்தட்டும். நிர்வாகச் செலவை விட்டுக்கொடுங்கள். ஜிபேயில் வருவதை மிஷன் வழியாகவே வரச் சொல்லுங்கள். கனடாப் பணம் இந்த மாதமே நிற்கட்டும். வந்ததை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், வேறு கணக்குக்கு மாற்றவும் வேண்டாம்.

அப்புறம், சித்தப்பா மகன் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று இன்றே கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டிலேயே இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ரிட்டன் வேலை மட்டும்தான். கனடாக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். அப்படியானால் மூன்று வருட வங்கி ஸ்டேட்மெண்டோடு எஃப்சிஆர்ஏ பார்க்கும் வக்கீலிடம் போங்கள், மிஷனிடம் பேசுவதற்கு முன்பே.