பேரனை கப்ஸில் சேர்க்கலாமா?

கேள்வி: பேரனுக்கு ஏழு வயது. பக்கத்து சர்ச் ஹாலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் கப்ஸில், அதாவது சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவில், சேர்த்தே தீரவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடவுள் பேரில் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம், இடமோ சர்ச் ஹால். பிள்ளை நம் சாமியை மறந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரோ, "அது வெள்ளைக்காரன் பட்டாளப் பழக்கம், நம்மை ஒதுக்கி வைத்த கூட்டம்" என்கிறார். என்ன செய்யலாம்? பேத்தியும் ஒருத்தி இருக்கிறாள், ஐந்து வயது.
- ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சேருங்கள் ஆயா, ஆனால் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

தாத்தா சொல்வதில் பொய் இல்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பட்டாளத்துக்காரர்தான், அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே போயர் போரில் நம் தென்னாப்பிரிக்காவின் மஃபெகிங் ஊரை எதிரிகள் முற்றுகையிட்டபோது அவர் அதைக் காத்து நின்றதுதான். சின்னப் பிள்ளைகளுக்கென்று அவர் கப்ஸைத் தொடங்கியது 1916-ல். இந்த நாட்டில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று, கலர்டு என்ற கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியரான நமக்கு ஒன்று என்று சாரணர் சங்கங்கள் பிரிந்து கிடந்தன. 1977-ல்தான் நான்கும் ஒன்றாயின, அதுவும் நிறவெறிச் சட்டங்கள் அப்படியே இருந்த காலத்தில். அந்தக் காயம் தாத்தாவுக்கு ஆறவில்லை என்றால் அதில் தப்பே இல்லை. பேரன் போய் நிற்கப்போவது எல்லாப் பிள்ளைகளும் கலந்து நிற்கும் வரிசையில் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

சாமி விஷயத்தில் பயமே வேண்டாம். உறுதிமொழியில் வரும் கடவுள் அந்தந்தப் பிள்ளையின் வீட்டுக் கடவுள். உங்கள் பேரன் முருகனை நினைத்துச் சொல்வான், பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் பிள்ளை அல்லாவை நினைத்துச் சொல்லும். சர்ச் ஹால் வெறும் இடம்தான்.

சரி, அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்? கடவுளுக்கு, மற்றவர்களுக்கு, தனக்கு என்று மூன்று கடமைகளைச் சொல்வார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் பேச்சாகச் சொன்னால் ஏறாது, அதனால் எல்லாமே விளையாட்டாகவும் கைவேலையாகவும் வரும். முடிச்சுப் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது நுனியை இடதின் மேல் போட்டு அடியில் விட்டு எடுக்கவேண்டும், அப்புறம் இடதை வலதின் மேல். நிறையப் பிள்ளைகள் இரண்டாம் முறையும் வலதையே மேலே போட்டுவிடுவார்கள், முடிச்சு கோணிக்கொண்டு நிற்கும், இழுத்தால் நழுவிவிடும். அந்த நேரத்தில் நல்ல தலைவர் கயிற்றை வாங்கித் தானே கட்டித் தரமாட்டார், "இன்னொரு தரம் போட்டுப் பார்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சரியாக விழுந்தால் முடிச்சு தட்டையாகப் படியும், காயக்கட்டுக்கு அதைப் போடுவதும் அதனால்தான். பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து, அதில் ஒரு பிள்ளையைத் தலைவனாக வைப்பார்கள். முதலாவதாக வா என்று யாரும் விரட்டமாட்டார்கள், உன்னால் முடிந்ததை முழுசாகச் செய் என்பதுதான் அங்கே பேச்சு. மார்க்குக்கும் ரேங்க்குக்கும் பிள்ளைகளைத் துரத்தும் நம் வீடுகளுக்கு இது அவசரமாகத் தேவை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, தினமும் ஒரு நல்ல காரியம். யாரும் சொல்லாமல், காசோ பாராட்டோ எதிர்பார்க்காமல் செய்யவேண்டும். காவடி அன்று வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் அதில் சேர்த்திதான். இங்கே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஆயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேரனுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவதும், சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவுவதும் நீங்களாக இருந்தால் வெள்ளிக்கிழமை கற்றது சனிக்கிழமையே கரைந்துபோகும். அவனே செய்யட்டும், நேரமானாலும் பரவாயில்லை.

சேர்ப்பதற்கு முன்னால் மகளோடு போய் ஒரு கூட்டம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். தப்புச் செய்த பிள்ளையை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்களா, கூச்சப்படும் பிள்ளையை ஓரமாக விட்டுவிடுகிறார்களா என்று கவனியுங்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும்படி விடக்கூடாது, குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். அப்புறம் படிவம் 30 சான்றைக் கேளுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்களின் அரசுப் பதிவேட்டில் அந்தத் தலைவர் பெயர் இல்லை என்பதற்கான சான்று அது. கேட்கச் சங்கடப்படாதீர்கள், நல்லவர்கள் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். காட்டத் தயங்கினால் பேரனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

பேத்தியைப் பற்றியும் எழுதியிருந்தீர்களே. இப்போது பெண் பிள்ளைகளும் சேரலாம். ஐந்து, ஆறு வயதுக்கு மீர்கட் என்று தனிப் பிரிவு இருக்கிறது, உங்கள் பக்கத்தில் நடக்கிறதா என்று அன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.