வழுக்கினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும்

அன்புள்ள அக்கா,

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட் மாஸ்டா எம்எக்ஸ்-5. இன்ஜினின் பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சாதாரண ஓப்பன் வகைதான். பின்பக்கத்தை வழுக்கவிட்டு வளைவில் ஓட்டும் டிரிஃப்ட் பழக ஆசை. வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உள்பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுகிறது, வழுக்க ஆரம்பித்த பின்பக்கம் உடனே ரோட்டில் ஒட்டிக்கொள்கிறது. இந்த டிஃப் என்னை ஏமாற்றுகிறது. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிவிடாமல் தடுக்கும் டூ-வே எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எந்த பிராண்ட் நல்லது? சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய நான்கு வருடம்தான் இருக்கிறது, செலவு வீணா? மழை விட்ட இரவுகளில் எங்கள் மல்டி ஸ்டோரி கார்பார்க் மேல்தளம் காலியாகக் கிடக்கும். அங்கேயே பழகலாம் என்றிருக்கிறேன்.

வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

மேல்தளம் வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம். காலி என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் யாரோ ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே லிஃப்டிலிருந்து இறங்கி வருவார். போலீஸ், லைசென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு வரும் கவலை. இவ்வளவு அழகாகக் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இது தோன்றவில்லையா?

பிராண்ட் பற்றி நான் சொல்லப்போவதில்லை. சிஓஇ கணக்கும் உங்கள் பணம், உங்கள் பாடு.

"ஏமாற்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். போன மாதம் மண்டாய் சாலையில் மழைக்குப் பிறகு ஒரு கார் வந்த திசையையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. ஓட்டிவந்த பையன் பக்கத்தில் நின்று கை நடுங்க சிகரெட் பற்ற வைக்கப் பார்த்தான். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

துவாஸ் பக்கம் கடலைத் தூர்த்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் மாமா அங்கே டிப்பர் லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் அடம்பிடித்து நானும் ஏறிக்கொள்வேன். ஒருமுறை பின்சக்கரம் ஒரு பக்கம் சேற்றில் இறங்கிவிட்டது. அது உறுமிக்கொண்டு சுற்ற, கெட்டித் தரையில் இருந்த மறுபக்கச் சக்கரம் அசையவே இல்லை. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அசையாத சக்கரத்துக்கு அடியில் சொருகினார். மாமா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அது நல்லாத்தான்யா நிக்குது! சுத்துறதுக்குப் போடு!"

ஓப்பன் டிஃப் என்றால் இவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கும் அது கொடுக்கும் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, சமம். ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் கொஞ்சம்தான் தாங்கும் என்றால் மறுபக்கத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான். வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கம் சாய்வதால் உள்பக்கச் சக்கரம் லேசாகி, மிதித்ததும் சுற்றிவிடுகிறது. இன்ஜினின் பலமெல்லாம் அங்கே வீணாகப் போவதைத்தான் நீங்கள் ஏமாற்று என்கிறீர்கள்.

ஆனால் அந்த நேரத்தில் வெளிப்பக்கச் சக்கரம் என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? அதற்கு டார்க் அதிகம் வரவில்லை. அதனால் அதன் பிடிப்பு முழுக்க காரைப் பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்கவே மிஞ்சுகிறது. காரின் பின்பக்கம் வால் வீசாமல் நிற்பது அதனால்தான். எல்எஸ்டி போட்டால் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒன்றாகக் கட்டப்படுகின்றன. பிடிப்பு இருக்கும்போது இரண்டும் சேர்ந்து தள்ளும், வளைவிலிருந்து வெளியேறுவது அருமையாக இருக்கும். பிடிப்பு விட்டால் இரண்டும் சேர்ந்தே விடும், பக்கவாட்டில் தாங்க ஒன்றுகூட மிஞ்சாது. டிரிஃப்டுக்கு அதுதான் வேண்டும், வாஸ்தவம். இரண்டும் ஒரே வேகத்தில் வழுக்கினால்தான் வழுக்கல் நீளும், ஆக்சிலரேட்டரை வைத்துக் கோணத்தைக் கூட்டிக் குறைக்க முடியும். காசில்லாத டிரிஃப்ட் பையன்கள் டிஃப்பையே வெல்டிங் வைத்து அடைத்துவிடுவது இதற்காகத்தான். ஆனால் சாயங்கால மழையில் எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து இறங்கும் எக்ஸிட் வளைவில், பழைய டயரோடு, வேலைக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிற அதே காரில் உங்களுக்கு அது வேண்டுமா? நீங்கள் திட்டுகிற அந்த டிஃப் இத்தனை நாளாக உங்கள் அவசரத்தையெல்லாம் உள்பக்கச் சக்கரத்தில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லுங்கள், திட்டாதீர்கள்.

சரி, டூ-வே. உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் இருக்கும். ஒன்-வே என்றால் மிதிக்கும்போது மட்டும் அவை இறுகும், டூ-வே என்றால் காலை எடுத்தாலும் இறுகும், ஒன் பாயிண்ட் ஃபைவ் இரண்டுக்கும் நடுவில். காலை எடுத்ததும் இறுகினால் கார் நேராகப் போகத்தான் பார்க்கும். வேகத்தோடு பக்கவாட்டில் காரை எறிகிறவர்களுக்கு அது நிதானம் தரும். சாதாரணமாக வளைவுக்குள் நுழைகிறவருக்கோ ஸ்டியரிங்கைத் திருப்பியும் மூக்கு திரும்பாத எரிச்சல்தான். போதாததற்கு, உங்கள் கார்பார்க்கில் மெதுவாக வளைந்து ஏறும்போதெல்லாம் பின்னால் கட கடவென்று சத்தம் வரும். மூன்றாவது மாடி ஆன்ட்டி டவுன் கவுன்சிலுக்கு எழுதப்போகிறார்.

எல்எஸ்டியிலேயே டார்சன் என்று இன்னொரு வகை உண்டு. கிளட்ச் இல்லை, பல்சக்கரங்கள் மட்டும். சத்தம் கிடையாது, ரோட்டுக்கு நல்ல பிள்ளை. ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டால் மட்டும் ஏறக்குறைய ஓப்பன் டிஃப் மாதிரி ஆகிவிடும். உங்கள் ஆசைக்கு அது போதும். நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று. டிரிஃப்டைத் தொடங்கி வைப்பது டிஃப் இல்லை. பிரேக்கில் பாரத்தை முன்னால் தள்ளுவது, ஸ்டியரிங்கில் காரை உலுக்கிவிடுவது, கிளட்ச்சை உதைப்பது, இதெல்லாம் ஓட்டுகிறவரின் காலிலும் கையிலும் இருக்கிறது. வழுக்க ஆரம்பித்ததை நீட்டிக்க மட்டும்தான் எல்எஸ்டி. இருக்கிற டிஃப்பை வைத்துக்கொண்டே பழகலாம்.

எங்கே என்பீர்கள், நியாயம்தான். 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையை அடைத்து கிராண்ட் பிரீ ஓட்டிய ஊர் இது. இன்று நமக்கென்று நிரந்தர ட்ராக் ஒன்று இல்லை. சாங்கியில் கட்ட ஆரம்பித்தார்கள், பாதியில் நின்றது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதற்காக கார்பார்க் மேல்தளம் ட்ராக் ஆகிவிடாது. வடக்கே மலேசியாவில் செபாங் ரேஸ் ட்ராக் இருக்கிறது, ட்ராக் டே நடத்துகிறார்கள். அங்கேயும் யாரும் உங்களைப் பக்கவாட்டில் போகவிடமாட்டார்கள், ஆனால் அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்காமல் உங்கள் கார் எந்த இடத்தில் பிடிப்பை விடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள், டயரைப் போகும்முன் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கிளட்ச் வகைதான் வேண்டும் என்றால் போடுங்கள். அதற்கென்று தனி கியர் ஆயில் உண்டு, அதைத்தான் ஊற்ற வேண்டும், அதுவும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஃபோர்மேன் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு ஒர்க்ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா