மாடிப்படியும் தொங்குபாலமும்

அன்புள்ள அக்கா,

பள்ளிக்கரணையில் தோழிகள் இருவரோடு முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வயது 29. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்று நாள் எல்லோரும் மாடிப்படியிலேயே கிடந்தோம். இரண்டாம் மாடியில் இருந்த ஒருவரை அதுவரை படியில் பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான். அவர்தான் கீழ்வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார். இரவில் படியில் பாம்பு ஏறியது. நான் கத்தினேன். விடியும்வரை டார்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எண்ணி எண்ணிப் பங்கு போட்டார். (மூன்றாம் மாடியில் ஒரு அங்கிள் இரண்டு தண்ணீர் கேனை ஒளித்துவைத்தார். அவர் முகத்தை இன்றுவரை எனக்குப் பார்க்கப் பிடிக்காது.) அப்படித்தான் தொடங்கியது.

போன மாதம் ஒரு வீடியோ பார்த்தேன். பயத்தில் நெஞ்சு படபடத்தால் அதை மூளை காதல் என்று தப்பாக எடுத்துக்கொள்ளுமாம், தொங்குபாலத்தில் வைத்து நிரூபித்துவிட்டார்களாம். அப்படியென்றால் எனக்கு வந்தது காதலா, வெள்ளமா? அம்மா தென்காசியிலிருந்து ஒரு வரனின் போட்டோ அனுப்பியிருக்கிறார். "கட்டிக்கிட்டா பாசம் தானா ஒட்டிக்கும்" என்கிறார். அதற்கும் ஆய்வு இருக்கிறதாம். அந்த இரண்டாம் மாடிக்காரருக்கு இப்போது பெங்களூரில் வேலை. முன்போல் பேசிக்கொள்வதில்லை. நீங்கள் உளவியல் பாடம் எடுத்தவர் என்பதால் கேட்கிறேன்.

எம்.

*

அன்புள்ள எம்.,

அந்தத் தொங்குபாலத்தை இருபது வருடம் கரும்பலகையில் வரைந்தவள் நான். எதிரே தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அந்த ஒரு வகுப்பில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் எனக்கும் அதன்மேல் பாசம் உண்டு. ஆனால் உங்கள் வீடியோக்காரர் பாலத்தின் பாதியைத்தான் காட்டியிருக்கிறார்.

கனடாவில் வான்கூவர் பக்கம் காபிலானோ என்ற பாலம். 450 அடி நீளம், ஐந்தடி அகலம், கீழே 230 அடிப் பள்ளம். நடந்தால் ஆடும். டட்டன், ஆரன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், அதைக் கடந்து வரும் ஆண்களை ஒரு பெண் நிறுத்தி, ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னாள். பிறகு தன் போன் நம்பரைக் கிழித்துக் கொடுத்தாள். ஆடும் பாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் ஒன்பது பேர் பின்னால் போன் செய்தார்கள். பக்கத்தில் இருந்த ஆடாத பாலத்தில் 16 பேரில் இரண்டே பேர். ஆடிய பாலத்தில் எழுதப்பட்ட கதைகளிலும் காமம் தூக்கலாக இருந்தது.

அவர்கள் அளந்தது ஒரு போன்காலை. அந்தக் கால் வந்தபிறகு என்ன ஆயிற்று, அடுத்த மாதம் பேசினார்களா, யார் யாருக்குக் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஆய்வில் கிடையாது. இன்னொன்று, பாலத்தைக் கடந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்ணின் படபடப்பை அங்கே யாரும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்கள் சுழற்றிய டயலை வைத்துப் பள்ளிக்கரணையில் ஒரு பெண் தன் இரண்டு வருடத்தைப் பொய்யென்று சந்தேகப்படுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

அதற்காக அந்தக் கருத்தே தப்பு என்று சொல்ல வரவில்லை. உடம்பில் ஒரு கிளர்ச்சி எழுகிறது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைச் சுற்றி இருக்கும் சூழ்நிலையைப் பார்த்து மனம் முடிவு செய்கிறது என்று ஷாக்டரும் சிங்கரும் 1962-லேயே சொல்லியிருந்தார்கள். பாலம் அதன் குழந்தை. ஆனால் 1981-ல் இன்னொரு ஆய்வு வந்தது. வீடியோக்களில் அதைப் பார்த்த நினைவில்லை. இளைஞர்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு மூச்சு வாங்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டினார்கள். அவள் லட்சணமாக வந்தபோது, ஓடியவர்களுக்கு அவளைக் கூடுதலாகப் பிடித்தது. அதே பெண்ணை வேண்டுமென்றே அவலட்சணமாக்கிக் காட்டியபோது, ஓடியவர்களுக்கு அவளைக் கூடுதலாகப் பிடிக்காமல் போயிற்று. படபடப்பு எதையும் புதிதாகப் படைக்கவில்லை. ஏற்கெனவே தட்டில் இருந்ததற்கு உப்பும் காரமும் ஏற்றியது.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அங்கிளைப் பாருங்கள். அதே வெள்ளம், அதே இருட்டு, அதே மாடிப்படி. வெள்ளம்தான் காதலைச் செய்தது என்றால் அவர்மேலும் ஏன் வரவில்லை? (வயது ஒரு காரணம் என்பீர்கள். சரி, படியில் உட்கார்ந்திருந்த மற்ற இளைஞர்கள் மேல்?) ஒருவர் கேனை ஒளித்தார், ஒருவர் பிஸ்கட்டை எண்ணிப் பங்கு வைத்தார். பயம் இரண்டையும் பெரிதாக்கிக் காட்டியது, உண்மைதான். ஆனால் இரண்டும் நடந்தவை.

மாடிப்படிக்கும் ஒரு கதை உண்டு. மேலே சொன்ன அதே ஷாக்டர், ஃபெஸ்டிங்கர், பேக் என்ற இருவரோடு சேர்ந்து 1950-ல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த திருமணமான மாணவர்களுக்கான இரண்டு மாடிக் குடியிருப்பு. யார் யாருக்கு நண்பர் என்று கேட்டால், ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரர்களைச் சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு கதவு தள்ளி 22. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 10. கீழே படிக்கட்டுக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் மாடியில் அதிக நண்பர்கள். வீட்டை ஒதுக்கிக் கொடுத்த குமாஸ்தா, தனக்கே தெரியாமல் நட்புகளையும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு அந்தக் குமாஸ்தா, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர்.

ஆனால் நெருக்கம் பகையையும் வளர்க்கும். 1976-ல் கலிபோர்னியாவில் ஓர் அடுக்ககத்தில் எடுத்த கணக்கில், பிடித்தவர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். இதற்குக் கலிபோர்னியா போகவே வேண்டாம். 2015 வெள்ளத்தில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்ட இரண்டு குடும்பங்கள், இப்போது கார் நிறுத்தும் இடத்துக்காகக் கோர்ட்டில் நிற்கின்றன.

அம்மா சொல்லும் ஆய்வு எனக்குத் தெரியும். 1982-ல் ஜெய்ப்பூரில் உஷா குப்தா, புஷ்பா சிங் என்ற இருவர் செய்தது. காதல் கல்யாணத்தில் முதலில் அன்பு கூடுதல், பிறகு இறங்குகிறது, பெரியோர் பார்த்து வைத்த கல்யாணத்தில் மெல்ல ஏறி ஐந்து வருடத்துக்குப் பிறகு முந்திவிடுகிறது என்று சொன்னது. கல்யாண மண்டபங்களில் மாமாக்கள் மேற்கோள் காட்டும் ஒரே உளவியல் ஆய்வு இதுவாகத்தான் இருக்கும். மொத்தம் 50 தம்பதிகள். அதைக் காதல், ஏற்பாடு என்று பிரித்து, மறுபடி வருடவாரியாகப் பிரித்தால் ஒரு பிரிவுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சும். ஒரே ஜோடியைப் பத்து வருடம் பின்தொடரவும் இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை ஒருபக்கமும், பழைய ஜோடிகளை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். 2012-ல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரண்டு வகைக் கல்யாணத்துக்கும் அன்பிலோ திருப்தியிலோ வித்தியாசமே தெரியவில்லை. அதுவும் சின்ன ஆய்வுதான். ஆக இந்தப் பஞ்சாயத்தில் ஆய்வு அம்மா பக்கமும் பேசாது, உங்கள் பக்கமும் பேசாது.

போகிற போக்கில் ஒன்று. பெண் பார்க்க வரும் அன்று புடவை கட்டி, பத்துப் பேர் பார்க்கக் காபித் தட்டோடு நடந்து வருகிறாளே, அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்துக்குக் காபிலானோ எம்மாத்திரம்? "பார்த்ததுமே பிடிச்சிருச்சு" என்று பிறகு சொன்னால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெள்ளத்துக்கு ஒரு பத்தி முழுக்கக் கொடுத்திருக்கிறீர்கள். பாம்பு, டார்ச், பிஸ்கட், எல்லாம் கண்முன் தெரிகிறது. பிறகு வந்த இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு சம்பவம்கூட இல்லை. "முன்போல் பேசிக்கொள்வதில்லை" என்று இரண்டே சொல். எனக்கு உறுத்தியது அதுதான். காதல் எப்படித் தொடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்படி இருக்கிறது என்பதைக் கேட்கத் தயங்குகிறீர்களோ என்று படுகிறது. தொடக்கமே பிழை என்று ஓர் ஆய்வு சொல்லிவிட்டால், முடிப்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை அல்லவா?

கேரில் ரஸ்பல்ட் என்ற பெண் உளவியலாளர் 1980-களில் கேட்டது வேறு கேள்வி. மக்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, ஏன் நிலைக்கிறார்கள் என்று பார்த்தார். மூன்று விஷயம் சொன்னார். இந்த உறவில் எவ்வளவு நிறைவு, இதற்கு வெளியே வேறு என்ன வழி தெரிகிறது, இதுவரை இதில் போட்டது எவ்வளவு. தென்காசியிலிருந்து வந்த போட்டோ இரண்டாவதைக் கிளறியிருக்கிறது. மூன்றாவது, அந்த மூன்று நாளும் இந்த இரண்டு வருடமும். முதலாவதைப் பற்றித்தான் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, மாடிப்படியும் சொல்லாது.

காலையில் சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெங்களூரில் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள். அன்று முழுக்க வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், பாம்பைப் பற்றியும். உங்கள் இருவருக்கும் பேச வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதுவரை அம்மாவிடம் போட்டோவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு வாரத்தில் அந்தப் பையன் எங்கேயும் ஓடிவிட மாட்டார்.

அன்புடன்,
அக்கா