கல்லூரி ஆவணக் காப்பகத்தை மாணவர்களுக்கும் வெளியாருக்கும் திறக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. நிறுவனர் நாளுக்குக் கண்காட்சி வைக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கண்காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். முதல்வரிடம் பேசி ஒரு பருவம் தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள். கண்காட்சியைப் பார்த்த ஒருவர் மறுநாளே வந்து "1948ஆம் வருட மலரைப் பார்க்கலாமா?" என்று கேட்பார். எடுத்துக் கொடுக்க மேசை, எழுதி வாங்கச் சீட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள், இந்த மூன்றும் இல்லாவிட்டால் அவரைத் திருப்பி அனுப்புவீர்கள். திரும்பிப் போனவர் மறுபடி வரமாட்டார். அதனால் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு முதலில், கூப்பிடுவது அதற்குப் பிறகு.

நீங்கள் நூலகர், உதவிக்குப் பாதி நேரம் வரும் ஒருவர், பூட்டிய ஓர் அறை, அதில் இரும்பு பீரோக்கள், சேர்க்கைப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், ஆட்சிக்குழு மினிட்ஸ் புத்தகங்கள், விடுதி மெஸ் கணக்கு, குரூப் போட்டோக்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய பல்கலைக்கழகக் காப்பகங்களில் இருப்பவர்களுக்கு இது போதாது என்று தோன்றும். அவர்களிடம் இருக்கும் ஆள்பலமும் பணமும் நம் கல்லூரிகளில் இல்லை என்பதை நினைவில் வைத்துப் படிக்கட்டும்.

முதலில் மேசை. ஊழியர் கண்ணில் படும் இடத்தில் ஒரே ஒரு மேசை போதும். ஜன்னல் ஓரம் வேண்டாம். பை, தண்ணீர் பாட்டில், பேனா மூன்றும் வெளியே. பென்சில் நீங்களே கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. இதைக் கண்டிப்பு என்று நினைப்பார்கள். உண்மையான காரணம், இரண்டு கோப்புகள் ஒன்றாகத் திறந்திருந்தால் தாள்கள் இடம் மாறும். இடம் மாறிய தாள் காணாமல் போன தாளுக்குச் சமம். கோரிக்கைச் சீட்டு மூன்று பிரதி: ஒன்று எடுத்த இடத்தில் பீரோவில் நிற்க வேண்டும், ஒன்று பெட்டியோடு போக வேண்டும், ஒன்று உங்கள் ஃபைலில். மாலையில் மூன்றையும் ஒப்பிட்டால் எது திரும்பவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தடித்த பதிவேட்டை மேசையில் தட்டையாக விரித்தால் முதுகு பிளக்கும். இரண்டு பக்கமும் சுத்தமான பருத்தித் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுங்கள். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்கத் துணிக்குழாயில் திரைச்சீலைக்குப் போடும் எடைச் சங்கிலியை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். உள்ளே அரிசி, கடுகு போட்டுவிடாதீர்கள், பூச்சி வரும். வெள்ளைக் கையுறை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். தாளுக்கு அது வேண்டாம். துணிக்கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி குறைந்து, நொறுங்கும் ஓரம் கிழியும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். போட்டோவுக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர் கையுறை.

இனி மாணவர்கள். வகுப்பு முழுவதையும் அழைத்து வந்து, பீரோவைத் திறந்து காட்டி, "இது 1890, அது 1912" என்று சொல்லி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை. நியூயார்க்கில் புரூக்ளின் வரலாற்றுச் சங்கம் 2011 முதல் சில ஆண்டுகள் பக்கத்திலிருந்த மூன்று கல்லூரிகளோடு சேர்ந்து இதையே முறையாகச் செய்து பார்த்தது. அவர்கள் கண்டது: காட்டும் ஆவணங்கள் குறையக் குறைய மாணவர் கவனிப்பது கூடுகிறது. வேடிக்கை காட்டுவதை விட்டுவிட்டு, குறிப்பான கேள்வியோடு சின்னக் குழுவாக உட்காரவையுங்கள் என்பதுதான் அவர்கள் ஆசிரியர்களுக்குச் சொன்னது. நம் ஊருக்கும் அது பொருந்தும்.

ஐம்பது நிமிட வகுப்பு என்றால் 20 பேருக்கு மேல் வேண்டாம். 60 பேர் கொண்ட வகுப்பை மூன்று நாளாகப் பிரியுங்கள். ஐந்து மேசை, மேசைக்கு நான்கு பேர், ஒரே ஒரு ஆவணம், கூடவே அச்சடித்த கேள்வித்தாள். கை கழுவி உட்கார்ந்து விதிகளைக் கேட்கப் பத்து நிமிடம், பார்க்க இருபது, மேசைக்கு மூன்று நிமிடம் வீதம் சொல்லப் பதினைந்து. மிச்சம் ஐந்து நிமிடம் ஆவணங்களை எண்ணித் திரும்ப வாங்க. இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்விதான் எல்லாம். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால் "அந்தக் காலம் தெரிகிறது" என்றுதான் பதில் வரும். மெஸ் கணக்கைக் கொடுத்து, "இந்த மாதம் சாப்பிட்டவர் எண்ணிக்கை எந்தத் தேதியில் விழுகிறது? பஞ்சாங்கத்தைப் பார்த்துக் காரணம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வணிகவியல் மாணவர்களுக்கு 1957க்கு முந்தைய கணக்குப் புத்தகம் நல்லது. அதில் ரூ. 3-7-9 என்று இருப்பதைத் தேதி என்றோ கழித்தல் என்றோ படிப்பார்கள். மூன்று ரூபாய், ஏழு அணா, ஒன்பது பை. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1இல்தான் நயா பைசா வந்தது. ஒரு பக்கத்தைக் கூட்டி அடிக்கணக்கோடு சரிபார்க்கச் சொன்னால் இருபது நிமிடம் தலை நிமிரமாட்டார்கள். தமிழ்த்துறைக்கு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ஆண்டு மலர். தும்பிக்கை போட்ட லை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை முதலில் ஒரு தாளில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் எழுத்துக்கூட்டுவதிலேயே போய்விடும். எந்த மேசைக்கு எந்த ஆவணம் என்பதைப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு வாரம் முன்பே முடிவு செய்யுங்கள். ஆசிரியர் மாணவர்களை உங்களிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் வகுப்பை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வெளியாரிடமிருந்து அதிகம் வரும் கேள்வி, "எங்கள் தாத்தா உங்கள் கல்லூரியில் படித்தாரா?" என்பது. பெயர், தோராயமான வருடம், ஊர், படித்த வகுப்பு, தகப்பனார் பெயர் ஆகியவற்றை ஒரு படிவத்தில் வாங்குங்கள். பழைய ஆங்கிலப் பதிவேட்டில் தஞ்சாவூர் டாஞ்சூர், திருநெல்வேலி டின்னெவெல்லி, திருச்சி டிரிச்சினோபொலி. இனிஷியலில் ஊர்ப் பெயரும் இருக்கும், தகப்பனார் பெயரும் இருக்கும். குடும்பத்தார் இன்று போடும் இனிஷியல் வேறாக இருக்கும். அட்டவணை தயாரிக்கும்போது இயற்பெயரை வைத்து அகர வரிசைப்படுத்துங்கள். அரை மணி நேரத் தேடல் இலவசம், அதற்கு மேல் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பே எழுதிப் போட்டால் மனக்கசப்பு வராது.

சேர்க்கைப் பதிவேட்டை ஒருமுறை பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கும் கொடுக்க வேண்டும். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, அடுத்த கட்டத்தில் சாதி, அதற்கு அடுத்ததில் தகப்பனார் தொழில், கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் "ஃபீஸ் கட்டாததால் பெயர் நீக்கம்" என்று இருக்கும். அந்த ஒரு வரியை முகநூலில் பார்த்தால் ஒரு குடும்பம் எப்படி உணரும் என்று யோசியுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவணக் காப்புக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. அதற்காகப் பதிவேட்டை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. கேட்பவருக்கு அவர் குடும்பத்தாரின் வரியை மட்டும் மற்ற வரிகளை மறைத்துப் படமெடுத்துக் கொடுங்கள். கடிதங்களிலும் இதே கவனம் தேவை. தாள் நம்மிடம் இருக்கலாம். பதிப்புரிமை எழுதியவருடையது, அவர் இறந்த பின் அவர் வாரிசுகளுடையது.

கண்காட்சி வைத்தே ஆக வேண்டும் என்றால் அசலை வைக்காமல் அதே அளவில் எடுத்த கலர் பிரிண்டை வையுங்கள். ஓரிரு அசல் போதும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், மூன்று மாதத்துக்கு மேலும் வேண்டாம். குண்டூசி, செல்லோடேப் கூடவே கூடாது. குறிப்பு அட்டை ஐம்பது சொல்லைத் தாண்டினால் யாரும் நின்று படிப்பதில்லை. பழைய போட்டோவை லேமினேஷன் செய்து கொடுக்க யாராவது முன்வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். சூடும் பசையும் ஏறிய பின் அதை மீட்க வழியே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் நிகழ்ச்சி வைத்தால் பெட்டிகளை அறையிலிருந்து அறைக்கு அலைக்கழிக்காதீர்கள். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தும் அறையைவிட, ஃபேன் ஓடும் காற்றோட்டமான அறை தாளுக்கு நல்லது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆவண அறைகள் பூட்டிக் கிடப்பதற்கு நூலகர்களின் சோம்பல்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது இருப்பை எண்ணிக் கணக்கோடு சரிபார்ப்பது, என்றால் என்னவென்று தெரியாதவர்கள். ஒரு பொருள் குறைந்தால் பொறுப்பாளரின் சம்பளத்தில் பிடிப்போம் என்கிற நிர்வாகத்தில் யார் பீரோவைத் திறப்பார்கள்? அதே நிர்வாகம்தான் கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்குழு வருகிறது என்றதும் வெள்ளையடிக்க அறையைக் காலி செய்து, மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறது. அதற்கு யார் சம்பளத்திலும் பிடிப்பதில்லை. ஆகவே வேலையை ஏற்கும் முன் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: விதிப்படி கொடுத்த ஆவணத்துக்குச் சேதம் வந்தால் தனிநபர் பொறுப்பில்லை, உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளையும் கழிக்கக் கூடாது.

ஒரு நோட்டில் மாதந்தோறும் எண்ணி வாருங்கள். வந்தவர் எத்தனை, எடுத்துக் கொடுத்த ஆவணம் எத்தனை, வகுப்பு எத்தனை, தொலைபேசி, மின்னஞ்சல் கேள்வி எத்தனை. கூடவே, கேட்டும் கொடுக்க முடியாமல் போனது எது, ஏன் என்று ஒரு கட்டம். ஆள் கேட்டு, ஸ்கேனர் கேட்டு நிர்வாகத்திடம் போகும்போது அந்தக் கடைசிக் கட்டம்தான் பேசும்.

காப்பகம் திறந்தது தெரிந்ததும் பழைய மாணவர்கள் பெட்டியோடு வருவார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடாதீர்கள். யார் கொடுத்தது, கொடையா இரவலா, யார் பார்க்கலாம், வேண்டாததை என்ன செய்வது என்று நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகு, பூஞ்சை இருக்கிறதா, வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று வராந்தாவில் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போங்கள். போட்டோவாக இருந்தால் அவர் கிளம்பும் முன்பே உட்காரவைத்து, படத்தின் நகலில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். அசலின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் எழுத விடாதீர்கள்.