செல்லப்பிராணிகள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டரை வயதுச் சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டு நாய்களோடு சாதுவாகத் திரிகிறது. ஆனால் கயிறு கட்டிப் புளியரைச் சாலையில் அழைத்துப் போனால், எதிரில் நாயைக் கண்டதும் குரைத்துக்கொண்டு பாய்கிறது. போன வாரம் என்னைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டது. புனலூரில் வேலை பார்க்கும் தம்பி, மூக்கைச் சுற்றி மாட்டும் ‘ஹெட் ஹால்டர்’ ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். “வாயைக் கட்டிப் பழக்குவது பாவம்” என்கிறார் என் கணவர். இதை மாட்டலாமா?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: முதலில் உங்கள் கணவரின் கவலையைத் தீர்த்துவிடுகிறேன், அம்மா. களத்தில் நெற்கதிரைப் போரடிக்கும்போது மாட்டுக்குப் போடும் வாய்க்கூடு வேறு, இது வேறு. சரியான அளவில் மாட்டிய ஹெட் ஹால்டரோடு நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், நாக்கை நீட்டி மூச்சு வாங்கலாம். குரைக்கவும் கடிக்கவும்கூட முடியும். ஆகவே கடிக்கிற நாய்க்கு இது காவலாகாது. அதற்குக் கூண்டு வடிவ வாய்மூடிதான் வேண்டும்.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டினால், நாய் தன் தோள் பலம் முழுவதையும் கொடுத்து இழுக்க முடியும். தலையில் கட்டினால் அந்தப் பலம் உதவாது. தலை திரும்பும் பக்கம் உடலும் திரும்பியாக வேண்டும். மூக்கணாங்கயிறு வலியால் திருப்புவது, கடிவாளம் வாய்க்குள் இருக்கும் இரும்பால் திருப்புவது. இதில் அந்த இரண்டும் இல்லை. பிரிட்டனின் விலங்கு நடத்தையியலாளர் ரோஜர் மக்ஃபோர்டு உருவாக்கிய ‘ஹால்ட்டி’யும், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் ஆர். கே. ஆண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் 1980களில் உருவாக்கிய ‘ஜென்டில் லீடர்’ வாரும் இந்தக் கணக்கை வைத்துச் செய்யப்பட்டவைதாம்.

ஆனால் வார் நாயின் தலையைத்தான் திருப்பும், மனத்தைத் திருப்பாது. அவிழ்த்துவிட்ட நாய் பிடிக்காத நாயைக் கண்டால் வளைந்து விலகிப் போகும். கயிற்றில் இருக்கும்போது அதற்கு விலகவும் வழியில்லை, நெருங்கி மோப்பம் பிடிக்கவும் வழியில்லை. அந்தப் பயமோ ஆத்திரமோதான் குரைப்பாக வெளிப்படுகிறது. தோட்டத்தில் சாதுவாகவும் சாலையில் மூர்க்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பழக்கும் முறையைச் சொல்கிறேன். வாரை வாங்கிய அன்றே மாட்டிச் சாலைக்குப் போய்விடாதீர்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக்கறித் துண்டு ஒன்றை மூக்கு வளையத்துக்கு அந்தப் பக்கம் பிடியுங்கள். நாய் தானாக மூக்கை நுழைத்து எடுக்கட்டும்; உடனே வளையத்தை விலக்கிவிடுங்கள். இப்படிச் சில நாள் செய்தபின் ஒரு நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம் என்று மாட்டி வைத்துத் தீனி கொடுங்கள்; அதன் பிறகு வீட்டு முற்றத்தில் நடத்துங்கள். நாய் முன்னங்காலால் மூக்கைப் பிறாண்டினாலோ, தரையில் தேய்த்தாலோ அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ஒரு படி பின்னால் போக வேண்டும். பிடரி வார் காதுக்குப் பின்னால் உயரத்தில், ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். மூக்கு வளையம் தளர்வாக இருக்கலாம், ஆனால் மூக்கு நுனியைத் தாண்டிக் கழன்றுவிடக் கூடாது, கண்ணிலும் உரசக் கூடாது.

சிப்பிப்பாறைக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் தலை கழுத்தைவிட ஒடுங்கியது. பின்னால் நகர்ந்து தலையை உதறினால் கழுத்துப்பட்டையோ ஹால்டரோ எளிதில் கழன்றுவிடும். நின்ற இடத்திலிருந்து அது அம்பு மாதிரிப் பாயக்கூடியது. அந்த வேகத்தில் கயிறு விறைத்துத் தலையை வெட்டி இழுத்தால் கழுத்துக்கு ஆபத்து. ஆகையால் மார்பு வாரில் ஒரு கயிறு, ஹால்டரில் இன்னொரு கயிறு என்று இரண்டு பிடியுங்கள். பாய்ச்சலை மார்புக் கயிறு தாங்கட்டும். ஹால்டர் கயிறு எப்போதும் தொய்வாக, திருப்புவதற்கு மட்டும் இருக்கட்டும். அதை வெட்டி இழுக்கவே கூடாது. நீண்டு சுருளும் கயிற்றை இதோடு சேர்க்கவும் கூடாது.

இனி சாலைக்கு வருவோம். எதிரே நாய் தெரிந்ததும் உங்கள் நாயின் காது நிமிர்ந்து, வாய் மூடி, உடல் விறைக்கிறதே, அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் பத்தடி அப்பாலேயே நின்று, எதிர் நாய் கண்ணில் பட்டவுடன் தீனி, மறைந்தவுடன் தீனி நிறுத்தம் என்று தினமும் சில நிமிடம் செய்யுங்கள். கறித்துண்டை வாங்காமல் முறைத்துக்கொண்டே நின்றால் தூரம் போதவில்லை. தூரத்தைக் குறைப்பது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. அதுவரை நாயைத் திருப்பி விலக்கிக்கொண்டு போக உதவுவது ஹால்டர், அவ்வளவே.

வெளிநாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில் எதிரே வரும் நாயும் கயிற்றில்தான் வரும். நம் ஊரில், லாரிகள் ஒதுங்கும் தேநீர்க் கடையடியில் நான்கு தெரு நாய்கள் அவிழ்ந்தே கிடக்கும். அவை நெருங்கும்போது உங்கள் நாயின் முகத்தைத் திருப்பிப் பிடித்தால், அது தற்காத்துக்கொள்ளவும் முடியாது, முகக்குறியால் தன் மனதைக் காட்டவும் முடியாது. ஒரு கைப்பிடி தீனியைத் தெரு நாய்களின் பக்கம் எறிந்துவிட்டு, ஹால்டர் கயிற்றைத் தளர்த்தி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். சில மாதங்களுக்கு அந்தச் சாலையை விட்டு, விடியற்காலையில் வயல் பக்கம் போவதே புத்தி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவணை தவறாமல் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பக் நாயும் கயிற்றை இழுக்கிறது. அதற்கும் இந்த வாரை மாட்டலாமா?
– ஒரு வாசகர், ஆரியங்காவு

பதில்: வேண்டாம், ஐயா. வளையம் நிற்பதற்கு அதற்கு மூக்கு நீளமே இல்லை; நழுவிக் கண்ணில்தான் போய் உட்காரும். மார்பின் முன்புறம் கயிறு கட்ட வளையம் வைத்த மார்பு வார் (ஹார்னஸ்) வாங்குங்கள், இழுக்கும்போது அது பக்கவாட்டில் திருப்பிவிடும். மூச்சுத் திணறும் இனம் என்பதால் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.