தாலி கட்டும் நேரத்தில் யார் யார் ஷார்ப்பாக இருக்க வேண்டும்? கல்யாண வீடியோ: கேள்வி பதில்

டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது ஃபோக்கஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் பற்றி வந்த கேள்விகள் இவை. எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அதிகம் திறக்கும், ஆழம் குறையும். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லா அளவும் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கு.

மதுரை: அண்ணா, 85 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் வாங்கியிருக்கேன். பேக்கிரவுண்டு சூப்பரா ப்ளர் ஆகுது. முகூர்த்தத்தையும் அதிலேயே எடுக்கலாமா?

முகூர்த்தத்துக்கு வேண்டாம் தம்பி. அந்த லென்ஸை முழுசாகத் திறந்து 2 மீட்டரில் நின்றால் ஷார்ப்பாகக் கிடைக்கும் ஆழம் மொத்தமே 6 செ.மீ. பெண்ணின் கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால் காது ஜிமிக்கியே கரைந்துவிடும். முடிச்சுப் போடும் கை எங்கே தெரியப்போகிறது?

அந்த ஷாட்டுக்கு எவ்வளவு ஆழம் தேவை என்பதை மணவறையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெண்ணின் முகம், கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் விரல்கள், பல வீடுகளில் அடுத்த முடிச்சுகளைப் போடும் நாத்தனார். இந்த மூவரும் தெளிவாக இருந்தால்தான் அது தாலி கட்டும் ஷாட். பெண்ணின் மூக்கிலிருந்து நாத்தனார் முகம் வரை அரை மீட்டரைத் தாண்டிவிடும்.

35 எம்.எம்., 2 மீட்டர் தூரம், எஃப் 4 என்றால் ஃபோக்கஸ் வைத்த இடத்துக்கு முன்னால் சுமார் 32 செ.மீ., பின்னால் 48 செ.மீ. கிடைக்கும். எஃப் 5.6 வைத்தால் பின்னால் 70 செ.மீ.க்கு மேல் போகும். நான் எஃப் 5.6 பக்கம்தான். வெளிச்சம் குறைவதால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800 இருந்த இடத்தில் 1600 வரும். அதனால் வரும் கொஞ்ச நாய்ஸை (புள்ளி புள்ளியான கரகரப்பு) எடிட்டிங்கில் குறைத்துவிடலாம், ஃபோக்கஸ் போனதை எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது.

திருச்சி: அதே முகூர்த்த நேரத்துல ஆட்டோ ஃபோக்கஸ் அலையுது சார். என்ன செட்டிங் மாத்தணும்?

மாப்பிள்ளை கையைத் தூக்கியதும் முழங்கை பெண்ணின் முகத்தை மறைக்கும். அட்சதை விழும், ஓமப்புகை வரும், பெண் தலையைக் குனிவாள். முகம் தொலைந்ததும் கேமரா பக்கத்திலிருக்கும் இன்னொரு முகத்தையோ மாலையையோ பிடித்துக்கொள்கிறது. சோனியில் சப்ஜெக்ட் ஷிஃப்ட் சென்ஸிட்டிவிட்டி (ஃபோக்கஸ் எவ்வளவு சீக்கிரம் வேறு ஆளுக்குத் தாவும் என்பது) 1 முதல் 5 வரை இருக்கும். அதை 2க்கு இறக்குங்கள். ட்ரான்ஸிஷன் ஸ்பீடு (ஃபோக்கஸ் நகரும் வேகம்) 7 வரை போகும், 4 போதும்.

இதைவிட நம்பகமான வழி மேனுவல். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுற்றி வரும் நேரம் இருக்கிறதே, அப்போதே இடத்தைப் பிடித்து நில்லுங்கள். பெண்ணின் கண்ணில் ஃபோக்கஸ் வைத்து, மேக்னிஃபை செய்து சரிபார்த்து, மேனுவலுக்கு மாற்றுங்கள். ஷார்ப்பான விளிம்பைக் கலரில் காட்டும் பீக்கிங்கை மட்டும் நம்ப வேண்டாம், வைடு லென்ஸில் அது எல்லா விளிம்பையும் கலர் அடித்துக் காட்டும். 35ல் எஃப் 5.6 இருந்தால் பெண் 20 செ.மீ. முன்னால் குனிந்தாலும் ஆழத்துக்குள்தான் இருப்பாள். அதன் பிறகு முன்னும் பின்னும் நகரக் கூடாது. ஜூம் லென்ஸ் என்றால் ஜூமைத் தொடவே கூடாது: ஸ்டில் லென்ஸ்கள் பலவற்றில் ஜூம் திருப்பினாலே ஃபோக்கஸ் நகர்ந்துவிடும்.

சேலம்: 70-200ல 200 வெச்சு எஃப் 2.8ல எடுத்தா ஆழமே இருக்காதுன்னு சொல்றாங்க. 50 எம்.எம்.மே மேலா?

முகம் ஃப்ரேமில் அதே அளவு வந்தால் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 50 எம்.எம்.மில் 2 மீட்டர், 200 எம்.எம்.மில் 8 மீட்டர், இரண்டிலும் எஃப் 2.8க்குச் சுமார் 27 செ.மீ. மாறுவது பின்னணி. 200ல் சீரியல் பல்புகள் பெரிய பெரிய வட்டமாகத் தெரியும். ஆனால் மண்டபத்தில் அந்த 8 மீட்டர் காலியாகக் கிடைக்குமா, நடுவில் யார் எழுந்து நிற்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

கோயம்புத்தூர்: ஒரு கேமரா ஃபுல் ஃப்ரேம், இன்னொண்ணு ஏபிஎஸ்-சி. கட் பண்ணும்போது பேக்கிரவுண்டு மேட்ச் ஆகல.

ஃபுல் ஃப்ரேமில் 50 எம்.எம். எஃப் 4 என்றால், சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சியில் 35 எம்.எம். எஃப் 2.8 வையுங்கள். ஏபிஎஸ்-சியில் வெளிச்சம் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) கூடும், ஐஎஸ்ஓவைப் பாதியாக்கினால் சரியாகிவிடும்.

நாகர்கோவில்: அவுட்டோர்ல எஃப் 2.8 வெச்சா வெள்ளையா அடிச்சிடுது. ஷட்டரை 2000க்கு ஏத்தலாமா?

ஏற்றினால் நடையும் புடவை அசைவும் வெட்டி வெட்டித் தெரியும். வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50 வினாடியை விட்டு நகராதீர்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/50க்கு எஃப் 22 தேவைப்படும். அதை 2.8க்குக் கொண்டுவர 6 ஸ்டாப் என்.டி. (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டும். லாக் புரொஃபைலில் (பிறகு கலர் சரிசெய்வதற்காக மங்கலாகப் பதிவு செய்யும் முறை) ஐஎஸ்ஓ 800 என்றால் 9 ஸ்டாப். திருப்பினால் அளவு மாறும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்.டி. மட்டும் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதைக் கடைசி வரை திருப்பினால் வைடு லென்ஸில் ஃப்ரேம் நடுவே இருட்டாகப் பெருக்கல் குறி விழும்.

சென்னை: ரிசப்ஷன்ல எல்இடி வால் மேல கோடு கோடா அலை அடிக்குது.

அது மொய்ரே. வாலின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. வால் ஃபோக்கஸில் இருந்தால்தான் இது பளிச்சென்று தெரியும். ஜோடியை வாலிலிருந்து 2 மீட்டராவது முன்னால் நிறுத்தச் சொல்லி, எஃப் 2.8ல் 85 எம்.எம். போட்டால் புள்ளிகள் கரைந்துவிடும். வைடு ஷாட்டில் இது பலிக்காது, கேமராவைச் சற்றுச் சாய்வான கோணத்துக்கு நகர்த்திப் பாருங்கள். மேலிருந்து கீழே கறுப்புப் பட்டை ஓடினால் அது வேறு விஷயம், ஷட்டரை மாற்ற வேண்டும்.

தஞ்சாவூர்: தாலி க்ளோசப்ல பாதிதான் ஷார்ப்பா வருது. எஃப் 8 வெச்சும்!

மேக்ரோவில் எஃப் 8 பெரிய எண்ணே இல்லை. தாலி சென்சாரில் நிஜ அளவில் பாதியாக விழும்படி நெருங்கினால் எஃப் 8லும் ஆழம் 3 மி.மீ.தான். கால் அளவாகும்படி பின்னால் வந்தால் சுமார் 1 செ.மீ. கிடைக்கும். 4கேயில் எடுத்து ஃபுல் எச்டியில் இரண்டு மடங்கு க்ராப் செய்தால் அது 5 மி.மீ. போல ஆகும், அப்போதும் முன்னதைவிட மேல். எஃப் 22க்குப் போகாதீர்கள், ஒளிச்சிதறலால் மொத்தப் படமும் மந்தமாகும். தேங்காய் மேல் சாய்த்து வைத்த தாலியைப் பக்கவாட்டில் எடுப்பதைவிட, தாலியின் முகப்புக்கு நேராக, சென்சார் அதற்கு இணையாக வரும்படி கேமராவைச் சாய்த்து எடுங்கள். முழுத் தாலியும் ஒரே தளத்தில் விழும், எஃப் 5.6 கூடப் போதும்.